எட்டு வயதுச் சம்மதம்

2023 மார்ச் 13, திங்கட்கிழமை. தில்லியில் நான் வேலை பார்க்கும் செய்திப் பிரிவில் காலையிலிருந்தே கல்யாண வீட்டுக் களை. ‘நாட்டு நாட்டு’ பாடலுக்கு ஆஸ்கர் கிடைத்துவிட்டது. முதுமலை யானைக்குட்டிகளையும் அவற்றைப் பிள்ளைகளாக வளர்த்த பொம்மன், பெள்ளி தம்பதியையும் பற்றிய ஆவணப் படத்துக்கும் கிடைத்துவிட்டது. ஆங்கிலத்தில் வந்து குவியும் செய்திகளைத் தமிழாக்கித் தருவது என் தொழில். அன்று பக்கமெல்லாம் நம்மவர் வெற்றிக்கே ஒதுக்கப்பட்டிருந்தது. மற்ற விருதுகளைச் சின்னப் பெட்டி ஒன்றில் அடக்கச் சொல்லிவிட்டார்கள். அந்தப் பெட்டிக்குள் ஒரு வரி: ‘சிறந்த தழுவல் திரைக்கதை - சாரா பாலி, விமன் டாக்கிங்.’ செய்தி நிறுவனம் அனுப்பிய குறிப்பில் அவர் பெயருக்கு முன்னால் ‘முன்னாள் குழந்தை நட்சத்திரம்’ என்றிருந்தது. இடம் போதவில்லை. வெட்டிவிட்டேன்.

இரவு மெட்ரோவில் வீடு திரும்பும்போது, வெட்டிய அந்த மூன்று சொற்களும் கூடவே வந்தன. காரணம் இருந்தது. நான்கு ஆண்டுகளுக்கு முன், ஒரே ஒரு நாள், என் வீட்டிலும் ஒரு குழந்தை நட்சத்திரம் இருந்தாள்.

2019-ல் என் மகளுக்கு எட்டு வயது. பள்ளி ஆண்டு விழாவில் அவள் ஆடியதைப் பார்த்த ஒருவர், விளம்பரப் படம் எடுப்பவர், ஒரு பிஸ்கட் விளம்பரத்துக்கு அவளைக் கேட்டார். கண்கள் பேசுகின்றன என்றார். எந்தத் தாய்க்குத்தான் இதைக் கேட்டு உச்சி குளிராது? ஊருக்குத் தொலைபேசியில் செய்தி பறந்தது. மகளிடமும் முறையாகக் கேட்டேன். “உனக்கு இஷ்டமா?” அவள் என் முகத்தைப் பார்த்தாள். “சரிம்மா” என்றாள்.

நொய்டாவில் ஒரு ஸ்டூடியோ. காலை எட்டு மணிக்கு வரச் சொன்னார்கள். முதல் ஷாட் எடுக்கும்போது மணி இரண்டு. பிஸ்கட்டைக் கடிக்க வேண்டும், கண்ணை மூடித் திறந்து சிரிக்க வேண்டும். கடித்ததை விழுங்க வேண்டியதில்லை, துப்புவதற்குக் காலடியில் ஒரு பிளாஸ்டிக் வாளி. “இன்னும் ஒரே ஒரு தடவை, பேட்டா” என்று உதவி இயக்குநர் இந்தியில் கெஞ்சிக்கொண்டே இருந்தார். பதினைந்துக்கு மேல் நான் எண்ணவில்லை. வீடு வந்து சேர இரவு ஏழு. ஆட்டோவில் அவள் கேட்டது ஒன்றே ஒன்று. “நல்லா பண்ணேனாம்மா?”

பத்து நாளில் இரண்டாவது அழைப்பு வந்தது. இந்த முறை ஒரு இந்தித் தொடரில் சின்ன வேடம். “சரிம்மா” என்றாள் மறுபடியும். ஆனால் கிளம்ப வேண்டிய காலையில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டுவிட்டாள். டாக்டர் அழுத்திப் பார்த்தார், ஸ்கேன் எடுத்தார், ஒன்றுமில்லை என்றார். தொடர் கைநழுவிப் போனது. வலியும் போனது. எனக்கு உள்ளூர ஏமாற்றம்தான். அதை இன்று ஒப்புக்கொள்ள வேண்டும்.

சாரா பாலி 2022-ல் ‘ரன் டுவர்ட்ஸ் த டேஞ்சர்’ என்றொரு புத்தகம் எழுதியிருக்கிறார். ஆறு நீண்ட கட்டுரைகள். ஆஸ்கர் செய்தியை வெட்டிய குற்ற உணர்ச்சியில் அதை வாங்கினேன். பஸ்ஸிலும் மெட்ரோவிலும் படித்து முடிப்பதற்குள் இரண்டு முறை இறங்க வேண்டிய நிலையத்தைத் தவறவிட்டேன்.

1979-ல் கனடாவின் டொரொண்டோவில் பிறந்தவர் பாலி. அம்மா டயேன் நடிகை. படங்களுக்கு நடிகர்களைத் தேர்ந்தெடுத்துத் தரும் வேலையும் பார்த்தவர். அப்பா மைக்கேலும் நடிகர். மகள் பள்ளிக்கூட வயதிலேயே கேமராவுக்கு முன்னால் வந்துவிட்டாள். 1988-ல் ‘ரமோனா’ என்ற தொலைக்காட்சித் தொடரில் அவள்தான் ரமோனா. அதே ஆண்டில் வெளிவந்தது டெரி கில்லியம் இயக்கிய ‘பேரன் மன்சாசன்’ படம். ஊரே வெடித்துச் சிதறும் போர்க்களக் காட்சிகள் நிறைந்த கற்பனைக் கதை. அதில் ஒரு கிழப் பிரபுவுடன் ஊர் சுற்றும் சிறுமி பாலி. ரோம் நகர ஸ்டூடியோவில் எடுத்தார்கள்.

அந்தப் படப்பிடிப்பைப் பற்றிப் பாலிக்கு நினைவிருப்பது எல்லாம் பயம். சில அடிக்கு ஒரு வெடி வெடிக்கும் பாதையில் அவள் ஓட வேண்டியிருந்தது. சத்தத்தில் சில நாட்கள் காது மந்தமாகிவிட்டது. உறைய வைக்கும் குளிர்ந்த தண்ணீரில் நெடுநேரம் கிடந்தாள். பெற்றோர் இல்லாத இடத்தில் நடந்ததல்ல இது. அப்பாவும் அம்மாவும் அங்கேயேதான் இருந்தார்கள். கில்லியம், ‘மான்டி பைதான்’ என்ற புகழ்பெற்ற நகைச்சுவைக் குழுவில் ஒருவர். அவருடைய படத்தில் தங்கள் பெண் நடிக்கிறாள் என்ற பிரமிப்பில் இருந்தார்கள் இருவரும்.

இந்த வரியைப் படித்தபோதுதான் முதல் நிலையம் தவறியது. நொய்டா ஸ்டூடியோவில் மானிட்டருக்குப் பக்கத்தில் எனக்கு ஒரு நாற்காலி போட்டிருந்தார்கள். திரையில் என் மகளின் முகம் எத்தனை பெரிதாக, எத்தனை அழகாகத் தெரிந்தது! வாளி அந்தத் திரைக்குள் வரவேயில்லை.

பிற்பாடு, கில்லியம் இன்னொரு சிறுமியை வைத்துப் படம் எடுக்கிறார் என்று தெரிந்ததும் பாலி அவருக்கு ஒரு மின்னஞ்சல் எழுதினார். பழைய கணக்கைத் தீர்க்கும் கடிதம் அல்ல. உங்கள் படப்பிடிப்பில் நான் பயந்தேன், இந்தக் குழந்தை பயப்படாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்பதுதான் சாரம். ஆபத்து மாதிரித் தோன்றியிருக்கலாம், உண்மையில் ஆபத்து இருக்கவில்லை என்று அவர் பதில் எழுதினார். இருவரும் சொல்வது உண்மையாக இருக்கலாம். வெடி எப்போது வெடிக்கும் என்று இயக்குநருக்குத் தெரியும். ஒன்பது வயதுக் குழந்தைக்குத் தெரியாது.

1990 ஜனவரியில் ‘ரோட் டு ஏவன்லீ’ என்ற தொடர் கனடாவில் ஒளிபரப்பாகத் தொடங்கியது. எல்.எம். மாண்ட்கோமரியின் கதைகளைத் தழுவியது. ஏழு ஆண்டுகள் ஓடிய அந்தத் தொடரால் பாலி நாட்டின் செல்லப் பெண்ணாகிவிட்டாள். தொடர் தொடங்கிய அதே மாதம், அவளுடைய 11-வது பிறந்த நாள் வந்த அதே வாரம், புற்றுநோயில் அம்மா இறந்துபோனார். தொடரில் அவள் ஏற்ற பாத்திரமும் தாயில்லாப் பெண்தான். வசனமும் உடையும் தயாராக இருந்தன. துக்கம் மட்டும் சொந்தமானது.

கேட்டபடி செய்யும் குழந்தை என்று பெயர் வாங்கிய பாலி, ஒரு முறை முரண்டு பிடித்தாள். 1991-ல் வளைகுடாப் போர் நடந்த சமயம். வாஷிங்டனில் ஒரு விருது விழா. அவள் சட்டையில் அமைதிச் சின்னம் ஒன்றைக் குத்திக்கொண்டு போனாள். அமெரிக்காவில் அந்தத் தொடரை ஒளிபரப்பியது டிஸ்னி. அதன் நிர்வாகிகள் சின்னத்தைக் கழற்றச் சொன்னார்கள். மாட்டேன் என்றாள். பன்னிரண்டு வயது. அவர்களுடனான உறவு அதோடு கசந்தது என்று பிற்பாடு சொல்லியிருக்கிறார்.

எனக்கு இதைவிட முக்கியமாகப் பட்டது இன்னொரு கட்டுரை. 15 வயதில் ஸ்ட்ராட்ஃபோர்ட் நாடக விழாவில் அவள் ஆலிஸாக நடித்தாள். மேடை பயம் பிடித்துக்கொண்டது. இரவுக்கு இரவு உள்ளே செத்துப் பிழைத்தாள். தன்னால் முடியாது என்று மட்டும் யாரிடமும் சொல்ல வரவில்லை. முதுகெலும்பு வளைந்திருக்கும் கோளாறு அவளுக்குச் சிறு வயதிலிருந்தே உண்டு. அந்த வலியைப் பெரிதுபடுத்திச் சொல்லித்தான் நாடகத்திலிருந்து வெளியே வந்தாள். பிறகு அறுவை சிகிச்சையும் நடந்தது. போர் வேண்டாம் என்று பெரிய நிறுவனத்தின் முகத்துக்கு நேரே சொல்லத் தெரிந்த பெண்ணுக்கு, நடிக்க வேண்டாம் என்று சொல்ல முதுகு தேவைப்பட்டது.

இரண்டாவது நிலையம் இங்கேதான் தவறியது. என் மகளின் வயிற்று வலியை டாக்டர் ஸ்கேனில் தேடினார். நான் அவருக்கு உதவியாக நின்றுகொண்டிருந்தேன்.

வளர்ந்த பிறகு பாலி நடிப்பை மெல்ல மெல்ல விட்டு எழுத்துக்கும் இயக்கத்துக்கும் வந்தார். ஆலிஸ் மன்ரோவின் சிறுகதை ஒன்றைத் தழுவி எழுதி இயக்கிய ‘அவே ஃபிரம் ஹெர்’ 2006-ல் வெளிவந்தபோது அவருக்கு 27 வயது. நினைவை இழக்கும் மனைவி, அவளை விட்டு விலகி நிற்கப் பழகும் கணவன். அந்த வயதில் இந்த முதுமையை எங்கிருந்து பிடித்தார் என்று வியந்தார்கள். கதாநாயகி ஜூலி கிறிஸ்டியோடு பாலியின் திரைக்கதையும் ஆஸ்கருக்குப் பரிந்துரைக்கப்பட்டது. 2012-ல் ‘ஸ்டோரீஸ் வி டெல்’ என்ற ஆவணப் படம். தன்னை வளர்த்த மைக்கேல் தன்னைப் பெற்ற தந்தை அல்ல என்று தெரிந்துகொண்ட கதை. இறந்துபோன அம்மாவைப் பற்றி அண்ணன், அக்கா, அம்மாவின் நண்பர்கள் எல்லோரும் சொல்கிறார்கள். ஒருவர் சொல்வது மற்றவர் சொல்வதோடு ஒத்துப்போவதில்லை. ஒலிப்பதிவுக் கூடத்தில் மைக்கேல் தன் தரப்பைப் படிக்கிறார். ஒரு வரியைத் திரும்பப் படிக்கச் சொல்லிக் கேட்கிறார் மகள். அப்பா மறுபேச்சில்லாமல் திரும்பப் படிக்கிறார். ஒரு காலத்தில் ‘இன்னும் ஒரு தடவை’ என்ற சொல் எந்தப் பக்கமிருந்து வந்தது என்று நினைத்துப் பார்த்தால் சிரிப்பும் வருகிறது, தொண்டையும் அடைக்கிறது.

மார்கரெட் அட்வுட்டின் ‘ஏலியஸ் கிரேஸ்’ நாவலைப் படமாக்கும் உரிமை கேட்டு, பள்ளி வயது தாண்டாத பாலி நூலாசிரியைக்குக் கடிதம் எழுதினார். கிடைக்கவில்லை. சுமார் இருபது ஆண்டுகள் பொறுத்திருந்து, 2017-ல் அதையே ஆறு பகுதித் தொலைக்காட்சித் தொடராக்கினார். ஆறு பகுதிகளும் அவர் எழுத்து. நிர்வாகத் தயாரிப்பாளர்களில் ஒருவரும் அவரே. 1843-ல் கனடாவில் நடந்த கொலை வழக்கு ஒன்றில் தண்டிக்கப்பட்ட பதின்வயது வேலைக்காரப் பெண் கிரேஸ் மார்க்ஸின் கதை அது. சிறையில் ஒரு மருத்துவர் அவளிடம் நடந்ததைக் கேட்கிறார். அவளும் சொல்கிறாள். கேட்பவர் முகத்தைப் பார்த்துப் பார்த்துச் சொல்கிறாள். அவள் சொன்னதில் எது நடந்தது, எது அவருக்குப் பிடிக்கும் என்பதற்காகச் சொன்னது? கடைசிவரை நமக்குத் தெரிவதில்லை. பெரியவர்களின் முகம் பார்த்தே பிழைத்த குழந்தைக்கு இந்த நாவல் ஏன் இருபது ஆண்டுகள் விடாமல் வேண்டியிருந்தது என்று எனக்குப் புரிந்த மாதிரி இருந்தது.

‘விமன் டாக்கிங்’ படத்தில் ஒரு மொழிபெயர்ப்பாளனும் இருக்கிறான் என்பதால் எனக்கு அது தனிப்பட்ட விஷயமாகிவிட்டது. பொலிவியாவில் ஒரு மென்னனைட் கிறிஸ்தவக் குடியிருப்பில், 2005-க்கும் 2009-க்கும் இடையே, பெண்களையும் சிறுமிகளையும் மயக்க மருந்து தெளித்துத் தூங்க வைத்து அந்த ஊர் ஆண்களே பலாத்காரம் செய்துவந்தார்கள். இந்தச் சம்பவத்தை ஆதாரமாகக் கொண்டு மிரியம் டேவ்ஸ் 2018-ல் நாவல் எழுதினார். எழுதப் படிக்கத் தெரியாத பெண்கள் வைக்கோல் பரணில் கூடி விவாதிக்கிறார்கள். சும்மா இருப்பதா, நின்று போராடுவதா, ஊரை விட்டுப் போவதா? அவர்கள் பேசுவதைக் குறித்துக்கொள்பவன் ஆகஸ்ட் என்ற ஆண். அவர்களுடைய பேச்சு மொழியை ஆங்கிலமாக்கி எழுதுபவனும் அவனே. நாவல் முழுவதும் அவன் குரலில்தான் வருகிறது.

பாலியின் படத்தில் ஆகஸ்ட் இருக்கிறான், குறிப்பும் எடுக்கிறான். ஆனால் கதையைச் சொல்லும் குரல் அவனுடையது அல்ல. பரணில் இருக்கும் ஒரு பதின்வயதுப் பெண் கதை சொல்கிறாள், இன்னும் பிறக்காத ஒரு குழந்தைக்கு. இருபது வருடமாக அடுத்தவர் பேச்சைத் தமிழில் எழுதிப் பிழைப்பவள் நான். எவ்வளவு நல்லவனாக இருந்தாலும் குறிப்பெடுப்பவன் கொஞ்சம் ஒதுங்கத்தான் வேண்டும் என்று அந்தத் தழுவல் எனக்குச் சொன்னது. பெண்ணின் சம்மதத்தை மொழிபெயர்த்து ஊருக்கெல்லாம் தொலைபேசியில் சொன்னவளும் நான்தானே?

தயாரிப்பாளர் என்றால் பணம் போடுகிறவர் என்றே நாம் நினைக்கிறோம். எத்தனை மணிக்கு வர வேண்டும், எத்தனை மணிக்கு வீட்டுக்குப் போகலாம் என்பதும் தயாரிப்புத் தரப்பின் கையில்தான் இருக்கிறது. பாலி மூன்று குழந்தைகளுக்குத் தாய். அந்தப் படத்தில் வேலை நேரத்தை வழக்கத்தைவிடக் குறைத்துக்கொண்டார்கள், பிள்ளை உள்ளவர்கள் வீட்டுக்குப் போக வேண்டும் என்பதற்காக. கனமான காட்சிகளில் நடிப்பவர்கள் மனம் விட்டுப் பேச ஒரு உளவியல் நிபுணரும் உடன் இருந்தார். குழந்தைகளைத் தொழில்முறை நடிப்பில் இறக்கக் கூடாது என்பது இன்று அவருடைய கட்சி.

நம் நாட்டில் என்ன நிலை? 2016-ல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் திருத்தப்பட்டபோது, 14 வயதுக்குக் கீழே எந்த வேலையும் கூடாது என்று ஆனது. குடும்பத் தொழிலுக்கும், விளம்பரம், சினிமா, தொலைக்காட்சித் தொடர் போன்றவற்றுக்கும் விலக்கு உண்டு. 2017-ல் வந்த விதிகளின்படி, குழந்தை நடிகர் நாளுக்கு ஐந்து மணி நேரத்துக்கு மேல் வேலை செய்யக் கூடாது. ஓய்வில்லாமல் மூன்று மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. தொடர்ந்து 27 நாட்களுக்கு மேல் கூடாது. வருமானத்தில் குறைந்தது 20 சதவிகிதத்தைக் குழந்தையின் பெயரில் தேசிய வங்கி ஒன்றில் நிரந்தர வைப்பாகப் போட வேண்டும். குழந்தையின் விருப்பத்துக்கும் சம்மதத்துக்கும் மாறாக எதிலும் ஈடுபடுத்தக் கூடாது.

இந்த விதிகள் வந்தபோது அந்தச் செய்தியைத் தமிழாக்கியவள் நான்தான். ‘விருப்பத்துக்கும் சம்மதத்துக்கும்’ என்ற தொடரை ஆங்கிலத்துக்கு நெருக்கமாக வரும்படி இரண்டு முறை திருத்தி எழுதியதுகூட ஞாபகம் இருக்கிறது. இரண்டே ஆண்டில், காலை எட்டிலிருந்து மாலை வரை என் பெண்ணை ஸ்டூடியோவில் உட்கார வைத்திருந்தேன். என் பெயரில் வந்த காசோலையோடு கொஞ்சம் பணம் சேர்த்துத் துணி துவைக்கும் இயந்திரம் வாங்கினேன். இன்றும் நன்றாக ஓடுகிறது.

புத்தகத்தை முடித்த அன்று இரவு மகளிடம் கேட்டேன். அப்போது அவளுக்கு 12 வயது. “அந்த பிஸ்கட் விளம்பரத்துக்கு ஏன் சரின்னு சொன்னே?”

பாடப் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னாள். “நீதான் ஆசையா இருந்தியே.”

“வயிறு நிஜமாவே வலிச்சுதா?”

“வலிச்சுதும்மா. பொய் இல்லை.” சற்று யோசித்தாள். “நீங்க போக வேண்டாம்னு முடிவு பண்ணதும் நின்னு போச்சு.”

கோபமாகச் சொல்லவில்லை. பழைய பல் வலியைப் பற்றிப் பேசுவது மாதிரிச் சொன்னாள். எனக்குத்தான் உட்கார வேண்டியிருந்தது.

அந்த ஏப்ரல் முதல் தேதி சாரா பாலி ஒரு கடிதத்தை வெளியிட்டார். ஆஸ்கர் தவறுதலாக உங்களுக்குத் தரப்பட்டுவிட்டது, ஒரு வாரத்துக்குள் திருப்பி அனுப்பவும் என்று விருதுக் குழு எழுதியதாக அதில் இருந்தது. எழுதியது அவருடைய 11 வயது மகள். முட்டாள்கள் தின வேலை. தாயின் உச்சகட்ட வெற்றியைத் தூக்கிப் போட்டு விளையாடியிருக்கிறது ஒரு குழந்தை. இதைச் சொன்னால் அம்மா முகம் வாடுமோ என்ற யோசனையே அந்தக் கடிதத்தில் இல்லை. பாலி வாங்கிய பரிசுகளில் இதைத்தான் நான் பெரிதாகப் பொறாமையோடு பார்த்தேன்.

எங்கள் வீட்டில் அந்த அளவுக்கு இன்னும் வரவில்லை. பதினொன்றாம் வகுப்பில் எந்தப் பிரிவு எடுப்பது, இந்த விடுமுறைக்கு ஊருக்குப் போவதா, பாட்டு வகுப்பைத் தொடர்வதா என்று அவளிடம் கேட்க வேண்டியவை நிறைய இருக்கின்றன. இப்போதெல்லாம் அடுப்புப் பக்கம் திரும்பி நின்றுகொண்டு கேட்கிறேன். பதில் வரக் கொஞ்சம் நேரமாகிறது. சில சமயம் குழம்பு அடிப்பிடிக்கிறது. திரும்பிப் பார்க்காமல் காத்திருக்கிறேன்.